சீர்த்தட்டில் ஒரு லேப்டாப்

தாய்மாமன் சீராகத் தங்கச் சங்கிலி வேண்டாம், கேம் ஆடுகிற லேப்டாப்தான் வேண்டும் என்று அடம்பிடித்த பெண் எங்கள் சொந்தத்தில் நான் ஒருத்திதான். இன்றைக்கும் கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. ஆமாம், கேட்டேன். கேட்டு வாங்கினேன். இதில் நான் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அப்போது எனக்குப் பதிமூன்று வயது. விழுப்புரத்தில் வீடு. அப்பா ஒரு போர்வெல் லாரியில் பங்குதாரர். அண்ணன் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தான். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வீட்டுக்குப் பொது என்று சொல்லித்தான் வாங்கினார்கள். அண்ணன் அதன் முன்னால் ஒருநாள் உட்கார்ந்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவன் சாப்பிடப் போகிற நேரம்தான் என் நேரம். அவனால் தாண்ட முடியாத கட்டத்தை அவன் கை கழுவிவிட்டு வருவதற்குள் தாண்டி வைத்திருப்பேன். அதற்கு ஒரு நன்றி கிடையாது, நாற்காலியோடு சேர்த்து என்னைத் தள்ளிவிட்டு உட்காருவான். அப்பாவிடம் போய் நின்றால், "அவன் படிக்கிற புள்ள, உடு" என்பார். படிக்கிற பிள்ளை அந்த நேரம் திரையில் யாரையோ சுட்டுக்கொண்டிருப்பான்.

இப்படி இருக்கும்போதுதான் நான் பெரியவளானேன்.

நாங்கள் வேதக்காரர்கள். ஞாயிறு பூசை, செபமாலை, தவக்காலத்தில் கறி கிடையாது எல்லாம் உண்டு. ஆனாலும் பெண் பெரியவளானால் மூலையில் பாய் போட்டு உட்கார வைப்பதும், தனித் தட்டு தனி டம்ளர் கொடுப்பதும், பிறகு மண்டபம் பிடித்துச் சீர் செய்வதும் அக்கம்பக்கத்தில் நடப்பது போலவே எங்கள் வீட்டிலும் நடக்கும். பள்ளிக்கூடம் கிடையாது, வாசலில் கால் வைக்கக் கூடாது, காலையில் பச்சை முட்டை, மாலையில் உளுந்தங்களி. எதற்கு இந்தத் தண்டனை என்று கேட்டேன். தண்டனை இல்லையாம், மரியாதையாம். அந்த மரியாதையைக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் அனுபவித்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் அண்ணன் ஆடிக்கொண்டிருந்தான். சத்தத்தை வைத்தே அவன் எந்த இடத்தில் சாகிறான் என்று எனக்குத் தெரியும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செத்தான். பாயில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் முடிவெடுத்தேன். இந்த வீட்டில் ஓரிடத்தில் நிலையாக உட்கார்ந்திருக்கிற பொருள் எல்லாம் அண்ணனுக்குப் போய்விடும். எனக்கு வேண்டியது கையில் தூக்கிக்கொண்டு போகிற பொருள். மொட்டை மாடிக்கு, லீவில் திண்டிவனத்துக்கு, நாளைக்குக் காலேஜ் ஹாஸ்டலுக்கு, நான் எங்கே போனாலும் கூட வர வேண்டும்.

மூலையில் உட்கார்ந்த பெண்ணை யாரும் வேலை ஏவ மாட்டார்கள். பொழுது போகட்டும் என்று அம்மா தன் போனைக் கொடுத்திருந்தாள். மாதா பாட்டு கேட்கிறேன் என்று நினைத்திருப்பாள். நான் லேப்டாப்பைப் பற்றிப் படித்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் பெரிய கேம் ஓடாது, அந்தக் கார்டைப் பின்னால் சேர்க்கவும் முடியாது. ரேம் குறைவாக இருந்தால் பரவாயில்லை, கையில் காசு வரும்போது போட்டுக்கொள்ளலாம். கீபோர்டில் சிவப்பு விளக்கு எரிகிறதே என்று மயங்கிக் காசைக் கொட்டக் கூடாது. எடையைச் சொல்லும்போது எல்லாக் கம்பெனிக்காரனும் சார்ஜரின் எடையை விட்டுவிட்டுத்தான் சொல்வான். இதெல்லாம் அந்தப் பாயில் கற்றதுதான்.

திண்டிவனத்தில் பேக்கரி வைத்திருக்கிற தாய்மாமன் என்னைப் பார்க்க வந்தார். ஒரு பை நிறைய வெண்ணெய் பிஸ்கட்டும், முகம் நிறைய சந்தோஷமுமாக வந்தவர், ரெண்டு பவுனில் சங்கிலி போடப்போவதாகச் சொன்னார்.

"சங்கிலி வேணாம் மாமா. அந்தக் காசுல ஒரு லேப்டாப் வாங்கிக் குடுங்க."

"படிக்கிறதுக்கா கண்ணு?"

"இல்ல மாமா. கேம் ஆட."

படிக்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். அந்தப் பொய்யைச் சொல்லித்தான் அண்ணன் ஹாலையே பிடித்தான். எனக்கு அந்தப் பொய் வேண்டாம். எனக்கு ஆட வேண்டும், ஆட வேண்டும் என்றுதான் சொல்வேன்.

வீடு இரண்டுபட்டது. அப்பா கத்தினார். அண்ணன், "வாங்கினாலும் அது ஹால்லதான் இருக்கும்" என்று இப்போதே பட்டா போட்டுக்கொண்டான். அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை வானூரிலிருந்து இதற்காகவே பஸ் ஏறி வந்து, மாமாவின் எதிரிலேயே கேட்டாள்: "வயசுக்கு வந்த பொண்ணு கழுத்துல இன்னா கெடக்குதுன்னுதான் சனம் பாக்கும். இவ அந்தப் பொட்டியக் கழுத்துல மாட்டிக்கினு உக்காருவாளா?"

"சங்கிலின்னா நான் சேர்லயே உக்கார மாட்டேன்" என்றேன். சொன்னபடி செய்கிற பெண் என்று எல்லோருக்கும் தெரியும். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. பெண் உட்காராத நாற்காலிக்கு யார் மாலை போடுவது?

அம்மா மட்டும் வாயே திறக்கவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு, சரி என்றும் சொல்லாமல் கூடாது என்றும் சொல்லாமல் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் எனக்கு எதிர்க்கட்சிதான் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். கடைசியில் மாமாதான் இறங்கி வந்தார். மருமகள் கேட்டு மாமன் மறுத்தான் என்ற பேர் அவருக்கு வேண்டாமாம்.

மூலையிலிருந்து எழுந்த பிறகு, மண்டப விழாவுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மாமா, அம்மா, நான் மூவரும் விழுப்புரத்திலேயே ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மாமாவைப் பார்த்து, "பையனுக்கா சார்?" என்று கேட்டார். எனக்கு என்றேன். அதற்கும் மாமாவைப் பார்த்தே, படிக்கிற பெண்ணுக்கு இதுதான் சார் என்று, அப்பளம் மாதிரி மெலிதாக ஒன்றை எடுத்து வைத்தார்.

"தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்குதா இதுல?"

"எல்லாமே வரும்மா."

"எல்லாமே இல்ல. கார்டு. இருக்குதா, இல்லியா?"

இல்லை. முதல்முறையாக அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு மாமாவுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. என் கணக்கில் தேறியவை இரண்டுதான். ஒன்று பெரிய திரை, விளக்கெல்லாம் எரிந்தது. இன்னொன்று பார்க்கக் கறுப்பாக, சாதாரணமாக இருந்தது, கார்டு மட்டும் இரண்டிலும் ஒன்றேதான். பள்ளிக்கூடப் பையைப் புத்தகங்களோடு கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி, செங்கல் மாதிரி இருந்த சார்ஜரையும் சேர்த்துப் பைக்குள் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே மேலும் கீழும் நடந்தேன். கடைக்காரர் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தார். பெரியது தோளை அறுத்தது. கறுப்பு தாங்கியது. "இதுதான்" என்றேன். ரெண்டு பவுன் விலைக்குள் அடங்கியது. மிச்சத்துக்கு மாமா வழியில் எங்களுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

விழாவில் மாமாவின் கௌரவத்துக்கு ஒரு குறையும் இல்லை. மேளம் முன்னால் போக, பழத்தட்டு, பூத்தட்டு, புடவைத்தட்டு, அவர் கடையிலேயே செய்த இரண்டடுக்கு கேக் என்று வரிசை வந்தது. நடுவில், சீல் பிரிக்காத லேப்டாப் பெட்டியை வெள்ளித் தாம்பாளத்தில் வைத்து, மேலே ரோஜாப்பூ தூவி, மாமா தானே தலையில் சுமந்து வந்தார். மண்டபமே எழுந்து பார்த்தது. பங்குச் சாமியார் வந்து செபம் சொல்லி, எனக்கும் சீருக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார். கை தாராளமான சாமியார். தண்ணீர் பெட்டியை நோக்கிப் பறப்பதைப் பார்த்ததும் பட்டுப்புடவையோடு எகிறிக் குதித்துப் பெட்டி மேல் கவிழ்ந்துவிட்டேன். ஜடை அலங்காரம் அறுந்து கேக்கில் விழுந்தது. அத்தை மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தக் காட்சி வீடியோவில் இன்னும் இருக்கிறது.

எனக்கு வந்த மோதிரங்களையும் சின்னக் கம்மல்களையும் அன்று சாயங்காலம் அப்பா கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பத்திரமாக இருக்கும் என்றார். அம்மாவின் வளையல்களும் அப்படித்தான் பத்திரமாக இருந்தன, நான் அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. அம்மாவுக்குக் கவரிங்தான் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அப்பா பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மாதம் முழுக்க லாரி ஷெட்டில் நின்றிருந்ததால் முகத்தில் சிரிப்பே இல்லாதவர், அன்றைக்கு என் தலையைத் தடவினார்.

"சீலப் பிரிக்காத கண்ணு. ரெண்டு நாள் அப்பிடியே இருக்கட்டும். கடைக்காரன் தெரிஞ்சவன்தான். அப்பா உனக்கு இதவுடப் பெருசா வாங்கித் தர்றேன்."

ரெண்டு நாளில் ஏற்பாடு பண்ணிவிடுகிறேன் என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டே வெளியே போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா என் கட்சிக்கு வந்துவிட்டார்! பெரியது என்றால் இன்னும் நல்ல கார்டு. எந்தக் கார்டு கேட்கலாம் என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்து பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்ததும், சீரில் வந்த எவர்சில்வர் குடங்களுக்குப் பேர் வெட்ட வேண்டும், பாத்திரக்கடைக்கு வா என்றாள். குடங்களை நான் தூக்கிக்கொண்டேன், ஒயர்கூடையை அவள் எடுத்துக்கொண்டாள். கடை வாசலில் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கொர்ரென்று சத்தம் போடுகிற மெஷினால் குடங்களில் என் பெயரையும் கீழே தேதியையும் வெட்டினார். முடித்து மெஷினை நிறுத்தப் போனபோது அம்மா, "இன்னும் ஒண்ணு இருக்குதுங்க" என்று கூடைக்குள் கைவிட்டாள். துண்டு சுற்றிய ஒரு பொருளை எடுத்து அவர் மடியில் வைத்தாள். துண்டை விலக்கினால், என் லேப்டாப். பெட்டி இல்லை, சீல் இல்லை, மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட இல்லை.

"இது மேலயாம்மா?" என்றார் அவர்.

"இது மேலதான். ஆழமா வெட்டுங்க."

"அம்மா! பின்னாடி ஸ்கிரீன் இருக்குது! வாரண்டி போயிடும்மா! அப்பா மாத்தித் தர்றேன்னாரு!" நான் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் இரண்டு கைகளையும் தன் ஒரு கைக்குள் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு பலம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. மெஷின் கொர்ரென்றது. கறுப்பு மூடியில் வெள்ளை வெள்ளையாக என் பெயர் விழுந்தது. அதற்குக் கீழே 'தாய்மாமன் சீர்'.

"மேல சிலுவை ஒண்ணு போட்டுடவா?" என்று கேட்டார் அவர், குடங்களில் போட்ட பழக்கத்தில்.

"பெருசா போடுங்க" என்றாள் அம்மா.

அந்த லேப்டாப் பிறகு ஹாஸ்டலுக்கு வந்தது, முதல் வேலைக்கும் வந்தது. பேட்டரி மாற்றினேன், ஃபேன் மாற்றினேன், ரேம் போட்டேன். கேம் ஆட உட்காரும்போதெல்லாம் கூட இருந்தவர்கள் அந்தச் சிலுவையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களை ஜெயித்துக் காட்டினேன். மோதிரங்களையும் கம்மல்களையும் மட்டும் நான் மறுபடி பார்க்கவில்லை.

அன்று வீடு வரும்வரை அழுதேன். இனிமேல் அம்மாவிடம் பேசவே மாட்டேன் என்று சபதம் போட்டேன். சாயங்காலம் அப்பா வந்து, பெட்டி எங்கே என்று கேட்டார். நான் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்து, அம்மா செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அந்த எழுத்துகள் மேல் கட்டைவிரலை ஓட்டினார். நகம் இறங்கும் ஆழம் இருந்தது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவும் அவரை நேராகப் பார்த்தாள், தலையைக் குனியவே இல்லை. அப்பா லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

எனக்குப் பெரியதாக வாங்கித் தர முடியாமல் போய்விட்டதே என்று மனசு உடைந்து போகிறார் என்று நினைத்தேன். எனக்குத் தாங்கவில்லை. வாசல் கேட் வரை பின்னாலேயே ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லப்பா, எனக்கு இதுவே போதும்" என்று ஆறுதல் சொன்னேன்.