கையுள்ள கதிரை

இலங்கை மலைநாட்டில் இந்தப் பதுளைக்கு வந்து எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. இன்னும் கடையில் வாயைத் திறந்து மூன்று வார்த்தை பேசினால் போதும், "இந்தியாவா?" என்று கேட்டுவிடுகிறார்கள். தோட்டத்துத் தமிழும் எங்கள் திருச்சிப் பக்கத்துத் தமிழும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கல்யாணத்துக்கு முன்பு என் மனைவி சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் வந்தேன். அவள் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் வெங்காயம் கேட்கும்போதே மாட்டிக்கொள்கிறேன். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதும் கிடையாது. அடுத்த கேள்வி எப்போதும் ஒரு நடிகரைப் பற்றியதாக இருக்கும். அவரை நான் நேரில் பார்த்ததில்லை என்றால் முகம் கொஞ்சம் வாடிப்போகும்.

என் மனைவி பசறை ரோட்டில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். திருச்சியில் கல்லூரியில் படித்தபோது பழக்கமானோம். படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி ஆசிரியை ஆகிவிட்டாள். நான் பார்ப்பது புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலை. மேசையும் கணினியும் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். அதனால் நான் இங்கே வந்தேன். பஜாரில் ஒரு முஸ்லிம் துணிக்கடை முதலாளியின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். விசா முடியப் போகும் சமயத்தில் ரயிலேறிக் கொழும்புக்குப் போய் நீட்டித்துக்கொண்டு வருவேன். ஒரு முறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, இங்கிருந்து எல்லாரும் வெளியே போகிறார்கள், நீங்கள் ஏன் உள்ளே வந்தீர்கள் என்று கேட்டார். கல்யாணம் என்றேன். பாவம் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு முத்திரையைக் குத்தினார்.

எரிவாயுவுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் நானும் சிலிண்டரோடு நின்றேன். வெயிலிலும் மழையிலும் எல்லாரோடும் சேர்ந்து நின்றதில் எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. பக்கத்தில் நின்ற பெண், "ஒங்களுக்கென்னங்க, ஊருக்குப் போயிரலாம்," என்றார். முன்னால் நின்றவர்களும் திரும்பிப் பார்த்து ஆமாம் என்றார்கள். போக இடம் இருப்பவன் எவ்வளவு நேரம் நின்றாலும் அது நிற்பதில் சேர்த்தி இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் நான் பெரிதுபடுத்தியதில்லை. வெளிநாட்டில் வெளிநாட்டுக்காரனாக இருப்பதில் என்ன அதிசயம்? என்னை உறுத்தியது மாமனார் வீட்டுக் கதிரை. நாற்காலியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போவோம். வளைவுகளில் நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், மனைவி ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்கி வருவாள். பஸ்ஸை விட்டு இறங்கிப் படியேறினால் லயம், ஒரே கூரையில் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் தொழிலாளர் வீடுகள். அதில் நடுவீடு மாமனாருடையது. முன்னால் காம்பரா என்கிற ஓர் அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். காம்பராவின் நடுவில், கை வைத்த சிவப்பு பிளாஸ்டிக் கதிரை ஒன்று எனக்காகப் போட்டிருக்கும். நான் உட்கார்ந்ததும் மாமியார் ஒரு தட்டில் பிஸ்கட்டும் கண்ணாடி கிளாசில் கிரீம் சோடாவும் கொண்டுவந்து வைப்பார். எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடக் கூடாது என்று டிவியில் சென்னைச் சீரியல் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். அந்தச் சீரியல்களுக்குப் பயந்து ஊரில் இருந்தபோதே நான் டிவி வாங்காமல் இருந்தவன். மாமனார் நிலைப்படியில் உட்கார்ந்துகொள்வார். நான் எழுந்தால் அவரும் எழுந்து நிற்பார். "ஒக்காருங்க மாப்பிள்ள, ஒக்காருங்க," என்பார். தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கைகள், என் முன்னால் எப்போதும் மடியில் அடங்கிக் கிடக்கும்.

வீட்டில் மற்ற எல்லாரும் அடுப்படியில் இருப்பார்கள். அடுப்பைச் சுற்றிப் பலகையிலும் சாக்கிலும் உட்கார்ந்து, சுடச்சுட ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டு, சிரித்துச் சிரித்து விழுவார்கள். என் மனைவியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். மாடி வீட்டில் என்னோடு பேசும்போது அவளுக்கு அந்தக் குரல் கிடையாது. எனக்கு அடுத்து வந்த மருமகன், அவள் தங்கையின் கணவன், வேறொரு தோட்டத்துக்காரன். அவன் வாசல் வழியாக வந்து நான் பார்த்ததே இல்லை. பின்பக்கமாக நுழைந்து, அடுப்பு மேலிருக்கும் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடித்துவிட்டு, அங்கேயே காலை நீட்டிப் படுத்துவிடுவான். மாமனார் அவனைச் சோம்பேறிப் பயலே என்று திட்டுவார். அந்தத் திட்டு எனக்குப் பொறாமையாக இருக்கும். உள்ளதைச் சொல்வதற்கென்ன, எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த அடுப்படியில் ஓர் இடம்.

முயற்சி செய்யாமலும் இல்லை. காலிக் கிளாசைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் ஒரு நாள் உள்ளே போனேன். எல்லாரும் மடமடவென்று எழுந்து நின்றார்கள். மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பாதியில் நின்ற சிரிப்போடு சகலை சுவரைப் பார்த்தான். இன்னொரு நாள் கதிரையைத் தள்ளி வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். மாமனார் நிலைப்படியில்கூட உட்காராமல் நான் கிளம்பும்வரை நின்றுகொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னால், "மரியாதை குடுத்தா ஒங்களுக்குக் கசக்குதா?" என்று சிரித்தாள். மாப்பிள்ளை மரியாதைதானே என்றாள். அப்படியானால் உன் தங்கை புருஷன் யார் என்று கேட்டேன். "அவன் நம்ம பய," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு வேலைநாளில் ஏதோ மருந்து கொடுப்பதற்காகச் சொல்லாமல் போய் நின்றேன். காம்பராவில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கதிரை அலமாரிக்கு மேலே தலைகீழாக, ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. மாமனார் சாப்பிட்ட கையோடு எழுந்து அதை இறக்கப் போனார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த வீட்டில் வேறு யாரும் அதில் உட்காருவதே இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. பிழை திருத்துகிறவன் புத்தி இப்படித்தான் போகும். நான் ஒருவன் மட்டும் கதிரையில் இருப்பதுதானே தொல்லை? எல்லாருமே கதிரையில் உட்கார்ந்துவிட்டால்? பஜாரில் ஒரு கடைக்குப் போய் ஆறு கதிரை எடுத்தேன். கடைக்காரர், "கலியாணமா, சாவா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். நம்பவில்லை. ஆட்டோவின் கூரையில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு அந்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனோம். மனைவி வழி முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். லயத்துப் பிள்ளைகள் ஆட்டோவுக்குப் பின்னால் ஓடிவந்தார்கள்.

காம்பராவில் ஆறையும் போட்டேன். ஏழாவதாக என்னுடையது. நடக்க இடம் இல்லை. அடுப்படியிலிருந்து ஒவ்வொருவரையும், நிலைப்படியிலிருந்து மாமனாரையும் அழைத்துவந்து உட்கார வைத்தேன். நான் கேட்டுக்கொண்டதற்காக வந்து உட்கார்ந்தார்கள். முழங்காலோடு முழங்கால் இடிக்க, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பவர்கள்போல இருந்தார்கள். மாமியார் கதிரையின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தார். சீரியலில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மாமியார், "அடுப்புல பால்," என்று எழுந்து போனார். தங்கை, அம்மாவுக்கு உதவி என்று போனாள். சகலை எதுவும் சொல்லாமலே போனான். கடைசியில் என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அடுப்படியில் யாரோ ஏதோ சொல்ல, அடக்க முடியாத ஒரு சிரிப்பு.

ஆறு கதிரைக்கு நடுவில் நானும் மாமனாரும் இருந்தோம். அவர் எழுந்து போகவில்லை. டிவியை அணைத்தார். நாங்கள் இருவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

"எதுக்கு மாப்பிள்ள இம்புட்டுக் கதிர?" என்றார்.

மறைக்கத் தோன்றவில்லை. "எல்லாரும் இதுல உக்காந்தா நான் மட்டும் தனியாத் தெரிய மாட்டேன்ல மாமா. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷம் ஆச்சு. இன்னும் விருந்தாளியாவே இருக்கேன்," என்றேன்.

அவர் என் கதிரையின் கையைத் தொட்டுப் பார்த்தார். "இது ஒங்களுக்கு வாங்குனது இல்லீங்க. எங்க அண்ணனுக்கு வாங்குனது," என்றார்.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்ததும், இறந்துபோனதும் எனக்குத் தெரியும். அவருடைய படம் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. இரண்டு நாட்டு அரசாங்கங்களும் தோட்டத்து ஜனங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட காலத்தில் அண்ணனுக்கு இந்தியா விழுந்தது, தம்பிக்கு இலங்கை. அண்ணன் கப்பலேறிப் போய்த் திருச்சிப் பக்கம் ஓர் ஊரில் குடியேறினார். எங்கள் திருச்சி வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விட்டுச் சாப்பாட்டு வேளைக்குத் திரும்பிவிடலாம், அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் ஊர். பல வருஷம் கழித்து, கோயில்காரர்களோடு வேளாங்கண்ணிக்குப் போன மாமனார் அப்படியே அண்ணனையும் பார்க்கப் போயிருக்கிறார்.

"அன்னைக்கு அந்தத் தெருவுல ஒரு கலியாணம். அண்ணன் என்னையும் கூட்டிட்டுப் போனாரு. பந்தல்ல நெறயக் கதிர காலியாக் கெடந்துச்சு. ஒக்காருங்கன்னு ஒருத்தரும் சொல்லல. சொல்லாம எப்பிடி ஒக்கார்றது? ஓரமா நின்னோம். சிலோன்காரரு வந்திருக்காருன்னு யாரோ சொன்னாங்க. என்னயத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன். அண்ணனச் சொல்லியிருக்காங்க. அங்க போயி அவருக்கு முப்பது வருஷம் அப்ப."

எங்கள் ஊரிலும் சிலோன் காலனி என்று ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் தெரியாது.

"அண்ணனுக்கு அது பழகிப் போச்சு. எனக்குத்தான் தாங்கல. வரும்போது சொன்னேன், ஒரு தடவ வாங்கண்ணே, நம்ம வீட்டுல வந்து நல்லா சாஞ்சு ஒக்காருங்கன்னு. வாறேன்னாரு. பதுளையில வந்து எறங்குன அன்னைக்கே இந்தக் கதிரய வாங்கிட்டேன். கை வச்சதாப் பாத்து வாங்குனேன். அவரு வரல. செய்திதான் வந்துச்சு." அண்ணன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். "அப்பறம் நீங்க வந்தீங்க. அந்தப் பக்கத்துல இருந்து."

அந்த அண்ணனை நினைத்துத் துக்கமாக இருந்தது. அதே சமயம், இதை முதல் வருஷமே சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபமும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

"இதுல ஒக்கார்றது ஒங்களுக்குக் கஷ்டமாவா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

அவர் எழுந்து, "வாங்க," என்று என் கையைப் பிடித்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை. அடுப்படி வாசலில் நின்று, "யாரும் எந்திரிக்க வேணாம். மாப்பிள்ளைக்கு எடம் விடுங்க," என்றார். சகலை நகர்ந்துகொண்டான். எனக்கு ஒரு பலகை போட்டார்கள். எல்லாருக்கும் கொடுப்பதுபோல எனக்கும் எவர்சில்வர் டம்ளரில் பால் விடாத தேத்தண்ணியும், உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் கொடுத்தார் மாமியார். சீனியை நக்கிக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்தேன். ரொட்டி பொன்னிறமாக வெந்துகொண்டிருந்தது. நான் இத்தனை வருஷம் ஆசைப்பட்ட இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சகலை விறகை உள்ளே தள்ளினான். தங்கை ரொட்டியைத் திருப்பினாள், மறுபடியும் திருப்பினாள். நான் வருவதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த கதை எதுவோ, அதை என் முன்னால் தொடர முடியவில்லை. அது என்னைப் பற்றிய கதையாகக்கூட இருந்திருக்கலாம். கடைசியில் மாமியார், "ஒங்க ஊர்ல இப்ப மழைங்களா?" என்று கேட்டார். ஆமாம், டிவியில் சொன்னார்கள் என்றேன். என் மனைவி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் மேலும் தப்பில்லை. அவர்கள் எனக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். அதற்குமேல் அவர்களால் கொடுக்க முடிந்தது எதுவும் இல்லை.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, புகை கண்ணைக் கரிக்கிறது என்று சொல்லி எழுந்தேன். இருங்களேன் என்று எல்லாரும் சொன்னார்கள், அதுவும் மனசாரத்தான். நான் கதிரைக்கு வந்து சேர்வதற்குள் உள்ளே பேச்சு கிளம்பிவிட்டது. பிறகு சிரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே என் மனைவியின் குரல். வலித்தது.

கையுள்ள கதிரையில், முதல் தடவையாக, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். மாமனார் தன் தேத்தண்ணியோடு பின்னாலேயே வந்தார். ஆறு புதுக் கதிரையையும் தாண்டிப் போய் நிலைப்படியில் உட்கார்ந்தார். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணன் இங்க வந்திருந்தாலும், அடுப்படியில இருந்து இப்பிடித்தான் எந்திரிச்சு வந்திருப்பாரு," என்றார்.