மண் காயும்வரை கம்ப்யூட்டர்

அன்றைக்குச் சமுதாயக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சத்துணவு சமைக்கிற அக்கா. டீக்கடைக்காரர் பெண்டாட்டி. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற ஒருத்தி. என் நாத்தனார். ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேர். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பிள்ளை. நான். ஆண்களில், பாடம் நடத்த வந்த சார், வேன் டிரைவர், ஆபீசிலிருந்து வந்த இரண்டு பேர், போட்டோ பிடிக்கிறவர்.

மேசை மேல் ஆறு கம்ப்யூட்டர்.

எங்கள் ஊர் பசுவந்தனைக்குப் பக்கம். பத்து நாள் இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு என்று மகளிர் குழு வாட்ஸ்அப்பில் வந்தது. நான் ஐந்தாவது வரை. நீ எதற்குப் போனாய் என்று கேட்டார்கள். ஒரு சான்றிதழுக்கு எழுதிப் போடப் பிரவுசிங் சென்டருக்குப் போனால், அங்கே இருக்கிறவன் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "ஆகாது, போங்க" என்கிறான். அந்தத் திரையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்குப் போனேன்.

ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மவுஸில் கை வைங்க, திரையைப் பாருங்க, சிரிங்க என்றார்கள். மெஷின் எதுவும் ஓடவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்துச் சிரித்தோம். பிறகு ரிஜிஸ்டர் வந்தது. ஆளுக்குக் கையெழுத்துப் போடப் பத்துக் கட்டம்.

"பத்து நாளைக்கும் இப்பவே போட்டிருங்கம்மா. தினமும் தேட வேண்டாம்லா" என்றார் ஆபீஸ்காரர் ஒருத்தர்.

போட்டோம். ஆபீஸ்காரர்கள் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு காரில் போய்விட்டார்கள். போட்டோக்காரரும் அதே காரில் போனார். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. ஐப்பசி மழை.

மழை விட்டதும் பார்க்கிறேன், சாரும் டிரைவரும் கம்ப்யூட்டர்களை வேனில் ஏற்றுகிறார்கள்.

"எங்க கொண்டு போறீங்க?" என்று கேட்டேன்.

"அடுத்த ஊருக்கும்மா. நாளைக்கு அங்கன துவக்க விழா" என்றார் சார்.

"எங்களுக்கு நாளைக்கு?"

"வீடியோ அனுப்புவாக. போன்ல பாத்துக்கிடலாம்."

"பத்து நாளைக்குக் கையெழுத்து வாங்கிட்டீங்களே."

"அது சும்மா ஒரு இதுக்கும்மா."

நான் சும்மா கையெழுத்துப் போடுகிறவள் இல்லை.

டிரைவர் வண்டியை எடுத்தார். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. பெட்டி சுமக்கச் சோம்பல்பட்டு, தார் ரோட்டை விட்டு இறக்கிக் கூடத்து வாசல்வரை கொண்டுவந்திருந்தார். வெளியூர்க்காரர். கரிசல் நனைந்தால் எப்படி ஆகும் என்று அவருக்குத் தெரியாது. நடந்தால் செருப்பைக் கழற்றிக்கொள்ளும். சக்கரம் என்றால் விடாது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி கீழே போனது. டிராக்டரை இறக்கினால் அதுவும் சேர்ந்து புதையும். பத்து ஆள் தோள் கொடுத்தால் ஏறும்.

"அண்ணாச்சி, ஒரு கை புடிங்க" என்று டிரைவர் டீக்கடைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் போய் வண்டிக்குப் பின்னால் முதுகைக் கொடுத்து நின்றேன்.

"யாரும் தள்ள வேண்டாம். எங்களுக்குப் பாடம் நடத்தாம இந்த வண்டி போகக் கூடாது."

ஆண்கள் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் பெண்டாட்டி என் பக்கத்தில் வந்து நின்றாள். சிரிப்புக் குறைந்தது.

"ஏங்க, வேட்டிய இறக்கி விடுங்க. வண்டியில கை வச்சீங்கன்னா இன்னைக்குச் சோறும் அந்த வண்டியிலதான்" என்றாள் தன் புருஷனிடம்.

"ஏட்டி, பாவம்டி அந்த சாரு."

"பாவமா இருந்தா நீங்களும் கூட ஏறிப் போங்க. ஒரு துவக்க விழாவ முடிச்சிட்டு வாங்க."

அவர் வேட்டியை இறக்கிவிட்டார். மற்றவர்களும் இறக்கிவிட்டார்கள்.

சார் என்னிடம் வந்தார். "எப்பம்மா தள்ளுவீங்க?"

"தள்ளவே வேண்டாம். மண்ணு காஞ்சா வண்டி தானா போகும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"பாடம் நடத்துங்க."

ஆபீசுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் போட்ட சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. போனை அணைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர்களை நாங்களே தூக்கி உள்ளே வைத்தோம். டிரைவருக்கும் அவருக்கும் கூடத்தில் படுக்கை. சாப்பாடு ஆளுக்கொரு வீட்டிலிருந்து போனது. மழை விட்டு விட்டுப் பெய்தது. உளுந்துக் காட்டில் இறங்க முடியாததால் எங்களுக்கும் வேலை இல்லை.

அன்றைக்கே பாடம் தொடங்கியது. சார் நன்றாகத்தான் நடத்தினார். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடத்தினார். போகப் போகச் சரியாகிவிட்டார்.

புதிதாகப் படிக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். டிவி மாதிரி இருப்பதற்கு மானிட்டர் என்று பேர். அது காட்டும், அவ்வளவுதான். வேலை செய்வது கீழே இருக்கிற பெட்டி. அதை சிபியு என்கிறார்கள். என் நாத்தனார் மானிட்டரை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன் என்று எழுந்து போனாள். பெட்டி உள்ளே இரைந்துகொண்டே இருந்தது. அணைப்பதற்கு ஷட் டவுன் என்று தனியாக இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொட வேண்டும்.

எல்லோரும் செல்போன் வைத்திருக்கிறோம். அதனால் ஒரு தப்பு நடந்தது. திரையை விரலால் தள்ளினோம். எட்டுப் பேரும். ஒன்றும் நகரவில்லை. சத்துணவு அக்கா அழுத்தித் தேய்த்தாள்.

"யக்கா, அது தோசைக்கல்லு இல்ல" என்றாள் தீப்பெட்டி ஆபீசுக்காரி.

இந்தத் திரைக்கு விரல் தெரியாது. மவுஸை நகர்த்தினால் திரையில் ஒரு அம்புக்குறி நகரும். எதைத் தொட வேண்டுமோ அதன் மேல் அம்பை நிறுத்தி, மவுஸை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அது கிளிக். திறக்க வேண்டும் என்றால் இரண்டு தட்டு. இரண்டு தட்டும் சேர்ந்தாற்போல விழ வேண்டும். களைக்கொத்துப் பிடித்த கைக்கு அது வர ஒரு நாள் ஆனது.

கீபோர்டில் இருப்பதெல்லாம் பெரிய ஏ பி சி டி. எனக்குப் பெரிய எழுத்துத்தான் தெரியும். சந்தோஷப்பட்டேன். அடித்தால் திரையில் சின்ன எழுத்து வருகிறது. கட்டையில் ஒன்று, திரையில் ஒன்று. ஷிப்ட் என்ற கட்டையைச் சேர்த்துப் பிடித்தால் பெரிய எழுத்து வரும் என்றார் சார். இங்கிலீஷ் கட்டையைத் தட்டினால் தமிழ் விழுகிற மாதிரியும் செய்து கொடுத்தார். அடுத்த எழுத்து எங்கே விழும் என்று காட்ட ஒரு சின்னக் கோடு மின்னிக்கொண்டு நிற்கும். அது கர்சர். கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

மூன்றாம் நாள் எல்லோரும் அவரவர் பேரும் ஊரும் குடும்பமும் அடித்துக்கொண்டிருந்தோம். மழையில் கரண்ட் போனது. வந்தபோது திரையில் ஒன்றும் இல்லை.

"காலையில புடிச்சு அடிச்சேன். எங்க போச்சு?" என்றாள் டீக்கடைக்காரர் பெண்டாட்டி.

"சேவ் பண்ணலையாம்மா?"

"நீங்க சொல்லவே இல்லையே."

சார் தலையைச் சொறிந்தார். "அடிக்கிறது எல்லாம் மொதல்ல ராம்ல இருக்கும். கரண்ட் போனா ராம் காலி. சேவ் குடுத்தா ஹார்ட் டிஸ்க்குக்குப் போயிரும். அது கரண்ட் போனாலும் இருக்கும்."

"களத்துல பரப்பிக் கிடக்குற உளுந்தும், மூட்டையில ஏறின உளுந்தும் மாதிரியா?" என்றாள் அவள்.

"ஆமாம்மா. அப்படித்தான்."

"இத மொத நாளே சொல்லுததுக்கு என்ன? என் மாமியார் பேரு வரைக்கும் நனைஞ்சு போச்சு."

ஆகவே, நாலு வரி அடித்தால் ஒரு தடவை சேவ் கொடுங்கள். அப்படிச் சேவ் செய்தது ஃபைல். அதற்கு ஒரு பேர் வைக்க வேண்டும். பேர் வைக்காமல் வைத்தால் பிறகு கிடைக்காது. பல ஃபைலைப் போட்டு வைக்கிற பை, ஃபோல்டர். மெஷினைப் போட்டதும் முதலில் தெரிகிற இடம் டெஸ்க்டாப். அங்கே வைத்தால் யார் கண்ணுக்கும் படும். அழித்தது உடனே போய்விடாது, ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். தப்பாகச் செய்ததைத் திருப்பிக்கொள்ள அண்டூ இருக்கிறது. எனக்கு எல்லாவற்றிலும் அதுதான் பிடித்தது.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் நல்ல வெயில். ஆறாம் நாள் காலையில் டிரைவர் ஒரு குச்சியை வைத்து மண்ணைக் குத்திப் பார்த்தார். குச்சி இறங்கவில்லை. அதே காலையில் காட்டுக்காரர்கள் களைக்கு ஆள் கேட்டு வந்துவிட்டார்கள். பாசிப்பயறும் உளுந்தும் புல்லுக்குள் நிற்கிறது. அதற்கும் மண் பதம் பார்த்துத்தான் இறங்க முடியும்.

"நீங்களே வேலைக்குப் போறீங்க. நான் யாருக்கு நடத்த?" என்றார் சார்.

"சாயங்காலம் வருதோம். நடத்துங்க."

"ஆபீசுல விட மாட்டாகம்மா. இன்னைக்கு வரலைன்னா வேலைக்கே வர வேண்டாம்னுட்டாக."

அவர் வேலையைக் கெடுக்க நான் வரவில்லை. "சரி, ரிஜிஸ்டர் எங்க இருக்கு? நடக்காத நாளைக்குப் போட்ட கையெழுத்த அடிச்சிருதேன்."

"அது மேல போயாச்சு. இனி அடிக்க முடியாது."

"அண்டூ இருக்குன்னீங்களே."

"அது கம்ப்யூட்டர்லம்மா."

"அப்போ கம்ப்யூட்டர்லயே எழுதுதேன்."

மூட்டை கட்டின மெஷினில் ஒன்றைப் பிரித்து, வயரைச் செருகி, போட்டேன். அவர் உதவவில்லை. தடுக்கவும் இல்லை. நாத்தனார் என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, எழுத்துல வைக்காத. வம்பு வரும். சர்டிபிகேட் தர மாட்டாக."

"தர வேண்டாம்."

அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டாவது முடித்த பிள்ளைக்கு சர்டிபிகேட் வேண்டும். அவளை நான் கூப்பிடவில்லை. மற்றவர்கள் ஆளுக்கொரு மெஷினைப் பிரித்தார்கள். டிரைவர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"அங்கன போய் மாட்டுனதும் நான் அழிச்சிருவேன்லாம்மா" என்றார் சார்.

"ரீசைக்கிள் பின்ல கிடக்கும்."

"அதையும் காலி பண்ணலாம்."

"பண்ணுங்க. எங்களுக்குத் திருப்பி அடிக்கத் தெரியும்."

அவர் வாசலில் போய் நின்றுகொண்டார். பிறகு அழித்தாரோ, விட்டாரோ, எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். வரிக்கு வரி சேவ் கொடுத்தேன். டெஸ்க்டாப்பில் வைத்தேன். அடுத்த ஊர்க்காரிகள் மெஷினைப் போட்டால் கண்ணில் படட்டும். ஆறு மெஷினிலும் ஒரே வாசகம்தான். பெரிதாக ஒன்றும் இல்லை, இவ்வளவுதான்:

முன்கூட்டிக் கையெழுத்துப் போடாதீர்கள். நாங்கள் போட்டது பத்து. நடந்தது ஐந்து.