செண்பகம் அக்காவின் மழைக்கால அணி

1993 நவம்பர் மழையில் திண்டிவனம் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கால்பந்து மைதானம் முழங்கால் தண்ணீரில் கிடந்தது. தினம் ஆடிப் பழகியவர்களுக்குச் சும்மா இருப்பது கஷ்டம். தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் மெக்கானிக்காக இருந்த இன்னாசிராஜ், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு மல்லாட்டை மண்டிக்கு, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரக் கடைக்கு, போனார். அந்தச் சமயத்தில் மண்டியின் குடோன் காலியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வாசலில் ஒரு பெண் கிழிந்த சாக்குகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் செண்பகம்.

அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. புருஷன் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதால் கல்யாணமான மூன்றாம் வருஷமே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். மண்டியை அண்ணன் சீனுவாசன் பார்த்துக்கொண்டார். குடோன் சாவி மட்டும் தங்கையிடம் இருந்தது. அந்தச் சாவியைத் தவிர அந்த வீட்டில் தன் பொறுப்பில் எதுவும் இல்லை என்று பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னார். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. கேட்டேன், சொன்னார்.

"மழ விடற வரிக்கும் உள்ள ஆடிக்கிறோம்க்கா. எதையும் நாசம் பண்ண மாட்டோம்" என்றார் இன்னாசிராஜ்.

"ஆடுங்க. ஆனா நானும் இங்கியேதான் உக்காந்துக்கினு இருப்பேன். ஓடு ஒடஞ்சா யாரு ஒடச்சதுன்னு எனக்குத் தெரியணும்."

குடோனில் பக்கத்துக்கு ஐந்து பேர்தான் ஆட முடியும். பந்து சுவரில் பட்டாலும் ஆட்டம் நிற்காது. முதல் வாரம் செண்பகம் ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் பந்தைப் பார்க்க ஆரம்பித்தார். அதற்கடுத்த வாரம், ஆட்டம் முடிந்து முகம் கழுவிக்கொண்டிருந்த இன்னாசிராஜைக் கூப்பிட்டார்.

"நீ ஏன் எப்பவும் ஆளப் பாத்தே ஒதைக்கிற? அந்தத் தூணுக்குப் பக்கத்துல சுவத்துல அடிச்சா பந்து தானா கோலுக்கு எதுர்ல வருது. நான் ஒம்போது தடவ பாத்துட்டேன்."

சாக்பீஸை எடுத்துச் சுவரில் மூன்று இடத்தில் வட்டம் போட்டார். பசங்கள் சிரித்தார்கள். இன்னாசிராஜ் சிரிக்கவில்லை. மறுநாள் அந்த வட்டங்களில் அடித்தே ஐந்து கோல் போட்டார்.

தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம் அது. எங்கே பார்த்தாலும் புதிது புதிதாகச் சங்கங்கள் முளைத்தன. 1995இல் இந்தப் பக்கத்து அணிகள் எட்டு சேர்ந்து 'மழைக்கால லீக்' என்று ஒன்று தொடங்கின. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, கூரைக்கு அடியில், பக்கத்துக்கு ஐந்து பேர். அதில் ஒரு விதி மட்டும் கண்டிப்பு: ஒவ்வொரு அணிக்கும் ஆட ஒரு கூடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் லீக்கிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். திண்டிவனம் அணிக்குச் செயலாளர் என்று கையெழுத்துப் போட, சாவி வைத்திருந்தவரையே கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் கூட்டத்தில் யாரோ, "நீங்க யாரு வீட்டம்மா?" என்று கேட்டார்களாம். "திண்டிவனம் டீமு" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நாலு வருஷம் அப்படிப் போயிற்று. 1999 ஆடி மாதம் சீனுவாசன் குடோனை விற்றுவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மண்டித் தொழில் படுத்துவிட்டது. ஆனால் தங்கையிடம் காரணம் சொல்லும்போது அதைச் சொல்லவில்லை.

"பசங்களோட சுத்திக்கினு கீறன்னு ஊர்ல பேசறாங்க, செண்பகம்."

"யாரு பேசறாங்க?"

"எல்லாரும்தான்."

"ஒரு பேரு சொல்லுண்ணா."

பேர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குடோன் போனது போனதுதான்.

இரண்டு மாதம் செண்பகம் திண்டிவனம் முழுக்க இடம் தேடினார். கல்யாண மண்டபக்காரர்கள் முகூர்த்த நாளைக் காட்டினார்கள். ரைஸ்மில்காரர்கள் தூசியைக் காட்டினார்கள். கடைசியில் விழுப்புரத்தில், மூடிக் கிடந்த ஒரு சினிமா தியேட்டரின் முதலாளி தேவநாதன் சரி என்றார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல். பந்தாட்டம் பற்றி ஒன்றும் தெரியாது, ஊர்ப் பெருமை மட்டும் உண்டு.

"ஏம்மா, எங்க ஊர்ல ஆடிக்கினு உங்க ஊரு பேரப் போட்டுக்குவீங்களா? சட்டையில விழுப்புரம்னு இருக்கணும். அவ்ளோதான்."

செண்பகம் அங்கேயே ஒத்துக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை.

பஸ் கம்பெனி ஷெட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது இன்னாசிராஜ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஊர வித்துட்டு வந்துட்டீங்களேக்கா."

"எடம் இல்லன்னா டீமே இல்ல, இன்னாசி."

"ஒரு வருசம் இல்லாம இருந்துட்டுப் போவட்டுமே."

"ஒரு வருசம் கழிச்சி இதுல எத்தினி பேரு மிஞ்சுவீங்க? ரெண்டு பேரு இப்பவே மெட்ராசுக்குப் போயிட்டானுங்க."

"நான் அந்தச் சட்டையப் போடமாட்டேன்" என்றார் இன்னாசிராஜ்.

மூன்று பேர்தான் அக்காவோடு கிளம்பினார்கள். அவர் விழுப்புரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை தேடிக்கொண்டு அங்கேயே ஓர் அறையில் குடியேறினார். அணிக்காக ஊரை விட்டு வந்தாரா, ஊரை விட்டு வர அணி ஒரு சாக்கா என்று நான் யோசித்தது உண்டு. இரண்டும் இருந்திருக்கலாம்.

அந்தத் தியேட்டரில்தான் நான் சேர்ந்தேன். விழுப்புரம் ஜங்ஷனில் வேகன்களைப் பழுது பார்க்கும் ரயில்வே கலாசியாக இருந்தேன், கோல் காப்பேன். நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டார்கள், ஆனால் தியேட்டர் தரை திரையைப் பார்த்துச் சரிந்துதானே இருக்கும்? பந்தை வைத்துவிட்டுக் கையை எடுத்தால் தானாக உருண்டு போகும். வந்த அணிகள் எல்லாம் புகார் செய்தன. "பாதி நேரம் ஏத்தம், பாதி நேரம் எறக்கம். எல்லாருக்கும் ஒண்ணுதான" என்பார் அக்கா. ஆனால் எங்களுக்கு மட்டும் ஒன்று சொல்லியிருந்தார்: டாஸ் ஜெயித்தால் முதலில் ஏற்றத்தைக் கேளுங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே நாங்கள் ஏறிவிடுவோம். எதிரணி களைத்துப்போன நேரத்தில் ஏற வேண்டிவரும். அப்படியே இரண்டு தடவை லீக்கை ஜெயித்தோம்.

அதற்குள் இன்னாசிராஜ் திண்டிவனத்தில் ஒரு பழைய விதைக் கிடங்கைப் பிடித்துத் தனி அணி கட்டியிருந்தார். 2003 ஜனவரியில் இறுதி ஆட்டத்துக்கு எங்கள் தியேட்டருக்கே வந்தார்கள். அவருக்கு முப்பத்தைந்து வயது, முன் தலையில் முடி இல்லை, ஆனால் அவரே இறங்கி ஆடினார். அவருடைய ஆட்களுக்குச் சரிவு ஒரு பொருட்டாகவே இல்லை. ஒரு மாதமாக ஏரிக்கரைச் சரிவில் பந்தை உருட்டிப் பழகியிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றுக்கு மூன்று என்று நின்றது. கடைசி நிமிஷம். பந்து இன்னாசிராஜிடம் வந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பக்கச் சுவரில் ஓங்கி அடித்தார். சுவரில் பட்ட பந்து நான் எதிர்பார்க்காத கோணத்தில் திரும்பி, என் இடது கையைத் தாண்டி உள்ளே போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பெஞ்சில் செண்பகம் அக்கா எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள். அக்காவுக்கே அப்போதுதான் புரிந்தது போல, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்னாசிராஜும் பார்த்தார், ஆனால் பக்கத்தில் வரவில்லை. அவர் மனைவி அற்புதமேரிதான் வந்து, "ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கினா இன்னா கொறஞ்சிடுவீங்க?" என்று கேட்டார்.

மறுநாள் காலை நான் ஜங்ஷனில் ஒரு வேகனுக்கு அடியில் வேலை செய்துகொண்டிருந்தேன். செருப்புக் கால்கள் வந்து நின்றன. குனிந்து பார்த்தது அக்கா.

"நேத்து பண்ணது தப்பு. கை தானா தட்டிச்சி. கோவம் இருந்தா திட்டிடு."

எனக்குத் திட்ட வரவில்லை. "நல்ல கோல்தான்க்கா" என்றேன். அவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் இதையே சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் சமாதானம் ஆகவில்லை, அடுத்த சீசனுக்கு வரவும் இல்லை.

தேவநாதன் இறந்த பிறகு, 2006இல் அவர் பிள்ளைகள் தியேட்டரை இடித்தார்கள். வளவனூரில் ஓடாத ஒரு ரைஸ்மில் கிடைத்தது, ஆனால் எங்களில் நாலு பேர்தான் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு விடுதி வாசலில் நின்று இதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். இன்னாசிராஜ் குடையோடு வந்தார். அவருடைய கிடங்கையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஏழு பேர் வைத்திருக்கிறார், ஆட இடம் இல்லை.

"எங்களச் சேத்துக்குவீங்களாக்கா?"

"சட்டையில வளவனூர்னுதான் இருக்கும்."

"தெரியும்."

கொஞ்ச நேரம் குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு நீங்க எங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுச் சரின்னு சொல்லியிருக்கலாம்க்கா. கேட்டிருந்தா நானும் வந்திருப்பேன்."

"ஆமா. கேக்கல. எடம் போயிடுமோன்னு பயம்" என்றார் அக்கா. பேசாமல் இருந்த ஏழு வருஷத்துக்கு அவர் சொன்னது அவ்வளவுதான். "உள்ள வா, நனையாத" என்றார் அடுத்தபடியாக.

வளவனூரில் ஐந்து சீசன் ஆடினோம். ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. ஆனால் சண்டை போட்டுக்கொண்டு, சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டு, அதுவே நல்ல காலம் என்று எனக்குத் தோன்றும். 2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் வந்தது. ரைஸ்மில்லின் தகரக் கூரை பெயர்ந்து பக்கத்துக் கரும்பு வயலில் போய் விழுந்தது. யாருக்கும் காயம் இல்லை. ஆறாவது சீசன் பாதியில் அதோடு முடிந்தது. எட்டு அணியாக இருந்த லீக்கும் நாலாகச் சுருங்கிவிட்டது.

மறு வருஷம் இன்னாசிராஜ் வானூரில் ஒரு கட்டுமானச் சாமான் ஷெட்டைப் பேசி முடித்தார். இந்தத் தடவை முதலில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார். பாதிப் பேர் மட்டும் சரி என்றோம். அக்கா, "செயலாளர் கையெழுத்த இனிமே நீ போடு. தெனம் பஸ் ஏற என் முட்டி ஒத்துக்கல" என்று அவரிடம் ஒப்படைத்துவிட்டார்.

வானூரில் முதல் ஆட்டத்துக்கு அவர் விழுப்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். பெஞ்சுக்கு வரச் சொன்னோம். வராமல் பொதுமக்களோடு உட்கார்ந்துகொண்டார். பொம்மையார்பாளையம் மீனவ இளைஞர்களோடு ஆடி ஐந்துக்கு இரண்டு என்று தோற்றோம். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது இன்னாசிராஜைக் கூப்பிட்டு, "அந்த எடது கால்காரன ஏன் வெளிய உக்கார வெச்ச? அவன் ஒருத்தன்தான் சுவத்தப் பாத்து ஆடறான்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இடது கால்காரனை இறக்கினார்கள். அதிலும் தோற்றோம். இருந்தும் அதற்கடுத்த வாரமும் அவனை வெளியே உட்கார வைக்கவில்லை. அந்த சீசன் முழுக்க அக்கா முட்டிக்கு ஒரு பெல்ட் மாட்டிக்கொண்டு ஞாயிறு தவறாமல் வந்துபோனார்.