ஸ்டெர்யோஸ் ஸ்பீக்கர் வாங்கப் போன சனிக்கிழமை

ஸ்டெர்யோஸ் அன்று காலையில் காபியைத் தொடவில்லை. பல் பிடுங்கப் போகிறவர்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி எவந்தியா நீலச் சட்டை போட்டு, காதில் தோடு மாட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஸ்பீக்கர் வாங்கத்தானே போறோம்? கல்யாணத்துக்குப் போற மாதிரி கிளம்பியிருக்கே."

"முப்பது வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். முதல்ல வீட்டுக் கடன், அப்புறம் பையன் படிப்பு, அப்புறம் உன் முழங்கால் ஆபரேஷன். இன்னைக்குத்தான் என் முறை வந்திருக்கு. அலங்காரம் பண்ணிக்க மாட்டேனா?"

அவர் சிரித்துவைத்தார்.

கிரீஸ் நாட்டு வோலோஸ் ஊரில் ஸ்டெர்யோஸ் டைல்ஸ் பதிக்காத தெரு குறைவு. பதினெட்டு வயதில் மாமாவோடு வேலைக்குப் போனவர். குளியலறை, சமையலறை, மீன் கடை, பல் ஆஸ்பத்திரி என்று இடுக்கமான அறைகளில் வெட்டுமெஷின் வீறிட, அதன் பக்கத்திலேயே முட்டிபோட்டு வாழ்ந்தவர். காதுக்கு மூடி போட்டுக்கொள்ளச் சொன்னால், "அதெல்லாம் ஜெர்மன்காரனுக்கு" என்பார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

போன கோடைக்கு முந்தின கோடையில் மலையில் ஒரு கல்யாணம். பைன் மரத்தடியில் மேஜை போட்டிருந்தார்கள். "இந்தச் சில்வண்டுங்க தொல்லை தாங்கலை, காதையே கிழிக்குது" என்று பக்கத்திலிருந்தவர் முகத்தைச் சுளித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஸ்டெர்யோஸும் ஆட்டினார். அவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்தார். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் கேட்ட சத்தம். மரம் ஊமையாக நின்றது.

யாரிடமும் சொல்லவில்லை. காபிக் கடையில் செவிட்டுக் கிழவர் ஒருவரை மற்றவர்கள் கேலி செய்து விளையாடுவதை அவர் பார்த்திருக்கிறார். ஸ்டெர்யோஸும் சேர்ந்து விளையாடியவர்தான். அன்றிலிருந்து பேசுகிறவர்களின் வாயைப் பார்க்கப் பழகினார். புரியாத இடத்தில் "ம்" போட்டார். எல்லோரும் சிரித்தால் அரைக் கணம் தாமதித்துத் தானும் சிரித்தார்.

அப்படி ஒப்பேற்றிக்கொண்டிருந்தவரிடம்தான் எவந்தியா, "மெஷின் சமாச்சாரம் உனக்குத்தான் தெரியும். நல்லதா நீயே பாத்துச் சொல்லு" என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டாள். ஆயிரம் யூரோவுக்குள் ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும். தினமும் போனில் ஸ்பீக்கர் பற்றி எழுதியிருந்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தார். "மேல்சத்தம் தெளிவு", "கொஞ்சம் மந்தம்", "பாடகி எதிரே நிற்பதுபோல" என்ற சொற்களைப் பரீட்சைக்குப் போகும் பையன்போல உருப்போட்டார்.

கடை துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருந்தது. கடைக்காரர் லாம்ப்ரோஸுக்கு நாற்பது வயதிருக்கும். அவர் வீட்டுக் குளியலறையும் ஸ்டெர்யோஸ் பதித்ததுதான்.

"வாங்க மேஸ்திரி! ரெண்டு ஜோடி எடுத்து வெச்சிருக்கேன். விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபயர்ல மாட்டியிருக்கேன். இந்தப் பட்டனை அமுக்கினா இதுல இருந்து அதுக்கு மாறும். நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

எவந்தியா வீட்டிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டை நீட்டினாள். கம்பளம் விரித்த சின்ன அறை. இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் பாடத் தொடங்கினாள். எவந்தியா கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்டெர்யோஸ் மூடவில்லை. லாம்ப்ரோஸின் முகத்தையும் எவந்தியாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எது நல்லதென்று ஏதாவது ஒரு புருவம் காட்டிக்கொடுக்காதா என்று தவித்தார்.

லாம்ப்ரோஸ் பட்டனை அமுக்கினார். பாட்டு தொடர்ந்தது. எவந்தியாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எப்படி மேஸ்திரி?"

"ரெண்டாவதுதான். சந்தேகமே இல்லை. விரல்ல மாட்டித் தட்டுற அந்தச் சின்னத் தாளம் எவ்வளவு தெளிவா விழுது பாரு! முதல் ஜோடி கொஞ்சம் மந்தம்."

லாம்ப்ரோஸ் குனிந்து பட்டனைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "மன்னிச்சுக்குங்க மேஸ்திரி. இது பாதியில மாட்டிக்கிச்சு, மாறவே இல்லை. ரெண்டு தடவையும் ஓடினது ஒரே ஜோடி."

எவந்தியா கண்ணைத் திறந்து சிரித்தாள். "விரல்தாளமா? இந்தப் பாட்டுல விரல்தாளமே கிடையாதே ஸ்டெர்யோ. அது தட்டோட அந்தப் பக்கத்துல இருக்கிற பாட்டு."

ஸ்டெர்யோஸ் எழுந்தார். "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று சொன்ன குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. கதவு, தெரு, பிறகு கடற்கரைச் சாலை. படகுகள் கட்டியிருந்த இடத்தில் ஒரு பெஞ்சில் போய் விழுந்தார்.

எவந்தியா பின்னாலேயே வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எவ்வளவு நாளா?"

"என்ன எவ்வளவு நாளா? எல்லாம் கேக்குது. கொஞ்சம்..."

"ஸ்டெர்யோ."

அவர் கடலைப் பார்த்தபடி சில்வண்டு விஷயத்தைச் சொன்னார். காபிக் கடைக் கிழவரைச் சொன்னார். இனி அவள் பரிதாபப்பட்டு அழுவாள் என்று பயந்தார். அவள் கோபப்பட்டாள். பெஞ்சிலிருந்து எழுந்து அவர் எதிரே வந்து நின்றாள்.

"சமையலறையில இருந்து கூப்பிடுவேன், பதில் வராது. நான் வேலை பாக்கிற மருந்துக் கடையில நடந்ததை ஏதாவது ஆசையா சொல்ல வருவேன், 'ம்'னு ஒரு சத்தம். என் பேச்சு உனக்கு அலுத்துப்போச்சுன்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். கழுதை! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஸ்டெர்யோஸ் இத்தனை நாளும் தனக்கு என்ன ஆகுமோ என்று மட்டுமே பயந்துகொண்டிருந்தார். அவருடைய "ம்" சமையலறையில் போய் என்னவாக விழுந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"நீயே போய் உனக்குப் பிடிச்சதை வாங்கிக்கோ" என்றார் கடைசியில். "எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான்."

"நான் மட்டும் தனியா உக்காந்து கேக்கிறதுக்கா இத்தனை வருஷம் காத்திருந்தேன்? எழுந்திரு."

திரும்பிப் போன அந்தச் சின்னத் தூரம் அவருக்கு மலையேற்றம்போல இருந்தது. கடைக்குள் நுழைந்ததும், தைரியம் போய்விடுமுன் சொல்லிவிட வேண்டும் என்று கத்தியேவிட்டார்: "லாம்ப்ரோ, எனக்குக் கீச்சுன்னு வர்ற மேல்சத்தம் கேக்கிறதில்லை!"

கேபிள் பார்த்துக்கொண்டிருந்த வேறொரு வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார். லாம்ப்ரோஸ் கேலி செய்யவில்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்றே ஒன்று வைத்த அந்த மெலிந்த ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டு, கீழ்ச்சத்தத்துக்கு ஒன்று, மேல்சத்தத்துக்கு ஒன்று என்று தனித்தனிக் குமிழ் உள்ள வேறொன்றைத் தூக்கிவந்தார்.

"குமிழ் வெச்சா ஒலி கெட்டுப்போகும்னு சில பேர் சண்டைக்கே வருவாங்க. வரட்டும். உங்களுக்கு இதுதான். இப்ப தாளம், தெளிவு எல்லாத்தையும் விடுங்க. அந்தம்மா பாடற வார்த்தை எதுல புரியுதுன்னு மட்டும் சொல்லுங்க."

இந்த முறை ஸ்டெர்யோஸ் கண்ணை மூடினார். முதல் ஜோடியில் குரல் கம்பளிக்குள்ளிருந்து வந்தது. அடுத்ததில் வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து விழுந்தன. அல்லது அப்படித் தோன்றியது. வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. பட்டன் மறுபடி மாட்டிக்கொண்டிருந்தால்? மனசு கற்பனை செய்திருந்தால்?

"இன்னொரு தடவை போடு. எதுன்னு சொல்லாதே" என்று அலமாரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். லாம்ப்ரோஸ் மாற்றி மாற்றிப் போட்டார்.

"இது. இப்ப ஓடறது."

"ரெண்டாவது ஜோடிதான் மேஸ்திரி. பட்டன் நல்லா விழுந்திருக்கு, வந்து பாருங்க."

ஸ்டெர்யோஸ் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் மூச்சுவிட்டார். எவந்தியாவுக்கு முதல் ஜோடிதான் பிடித்திருந்தது, அதில் குரல் இதமாக இருந்ததாம். சொல்லிவிட்டு, "இதையே கட்டுங்க" என்று இரண்டாவதைக் காட்டினாள். பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டி, சுவரோடு ஒட்டிவைத்தால் கீழ்ச்சத்தம் இடிக்கும், ஒரு முழமாவது தள்ளிவையுங்கள் என்று லாம்ப்ரோஸ் சொல்லியனுப்பினார். அதற்காக வீட்டில் சோபாவை நகர்த்த வேண்டிவந்தது. அதற்கொரு தனிச் சண்டை.

அடுத்த வாரம் எவந்தியா அவரைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம், காதில் கருவி வைத்தால் பேச்சு நன்றாகப் பிடிபடும் என்றார் டாக்டர். கருவிக்கு அளவெடுத்தாகிவிட்டது. அது வரும்வரை மேல்சத்தக் குமிழ்தான் தகராறு. அவர் முழுக்கத் திருப்புவார். அவள் "காது கூசுது" என்று பாதிக்குக் கொண்டுவருவாள்.

ஞாயிற்றுக்கிழமை எவந்தியாவின் தங்கை ஃபோதினி சாப்பிட வந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "ஏன் இவ்வளவு கீச்சுன்னு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஸ்டெர்யோவுக்குக் காது மந்தமாயிடுச்சு. கருவி வரப்போகுது" என்றாள் எவந்தியா, உப்பு எடுத்துக்கொண்டே.

ஸ்டெர்யோஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இதோ கேலி வருகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"அப்படியா?" என்று அவர் பக்கம் திரும்பி, சத்தமாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள் ஃபோதினி. "என் வீட்டுக்காரருக்குக் காது பாம்புக் காது. அவரும்தான் பதில் சொல்றதில்லை. அந்த பீன்ஸை இப்படித் தள்ளுங்க அத்தான்."

அவர் பீன்ஸ் பாத்திரத்தைத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் எண்ணெய் கொஞ்சம் மேஜைவிரிப்பில் சிந்தியது.