ரெசிடென்ட் விலையில் ஒட்டகச்சிவிங்கி

மனைவிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வலது கண் முதலே போய்விட்டது. இடது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி போட்டு வந்தார்கள். ஒரு நாள் ஊசி போடவில்லை. டொக்டர் கண்ணை எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பாளருக்கு போன் எடுத்தார். போனில் வந்தது ஒரு இந்தியத் தமிழ்ப் பெண்.

"ஊருக்கு எங்கயாவது போகணும், எதையாவது பாக்கணும்னு இருந்தா தள்ளிப் போடாதீங்கன்னு சொல்றாங்கம்மா."

மனைவி "ஓம்" என்றாள்.

லண்டனில் நாங்கள் இருக்கும் லூயிஷாமுக்குத் திரும்பும் பஸ்ஸில் வைத்துச் சொன்னாள்.

"எனக்கு ஒட்டகச்சிவிங்கி பாக்கவேணும்."

"ஸூவில நிக்குதே."

"மறியல்ல அடைச்சு வைச்சிருக்கிறதைப் போய்ப் பாக்கிறதோ? அது தன்பாட்டில நிக்கிற இடத்தில பாக்கவேணும்."

நான் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் ரீவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு மிருகங்களைப் பார்ப்பது எனக்குத் தெரியும். ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்க முன்னங்கால் இரண்டையும் அகட்டி வைக்கும்போது ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். உயரமான மிருகம் என்பதால் மிச்சமிருக்கிற கண்ணுக்கும் அகப்படும் என்று நினைத்திருக்கலாம். அதை அவள் சொல்லவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருபத்தாறு வருடத்தில் அவள் ஒரு இடத்தின் பெயர் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னதில்லை.

லூயிஷாமில் விமான டிக்கெட்டும் காசு அனுப்புவதும் செய்யும் கடை ஒன்று இருக்கிறது. நடத்துபவர் ஜெர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். என்னைவிட வயது குறைவு. அடுத்த நாள் வேலை முடிந்து அவரிடம் போனேன்.

"மிருகம் பாக்க ஆபிரிக்காவோ அண்ணை? பிளேன் காசு வீண். ஊரில வவுனியாப் பக்கம் போய் நில்லுங்கோ, யானை உங்களை வந்து பாக்கும்."

"ஒட்டகச்சிவிங்கி."

"அது அங்க இல்லைத்தான்" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

கென்யா என்றார். நைரோபிக்கு பிளேன். அங்கிருந்து ஜீப்பில் நாலு மணித்தியாலம். மிருகங்கள் திரியும் பார்க்கின் வாசலுக்கு வெளியே கூடாரம் போட்ட தங்குமிடம். பார்க்குக்குள் போக ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று தனிக் காசு.

"பிளேன் நான் போட்டுத் தாறன். ஜீப்காரன்ர நம்பரும் தாறன், நல்ல பெடியன். பார்க் காசு மட்டும் நீங்கள் ஒன்லைனில கட்டவேணும். வாசலில காசு வாங்கமாட்டாங்கள்."

"நீங்களே கட்டித் தாங்கோவன்."

"உங்கட கார்ட், உங்கட பெயர், உங்கட பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் கேக்கும் அண்ணை. எப்ப எத்தினை நாள் எண்டு முடிவெடுத்துப்போட்டு ஆறுதலா இருந்து போடுங்கோ. பெரிய வேலை இல்லை."

எனக்கு மொத்த விற்பனைக் கடை ஒன்றில் வேலை. அரிசி மூட்டை, உருளைக்கிழங்கு மூட்டை இறக்குவது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. இங்கிலிஷில் ஃபோர்ம் வந்தால் யாரிடமாவது கொண்டுபோவேன். இதை மட்டும் நானே செய்ய நினைத்தேன். ஏன் என்று தெரியாது. அவள் என்னிடம் கேட்டாள், அதனால் இருக்கலாம்.

ஒரு கிழமை ஒவ்வொன்றாக விசாரித்தேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டுமா என்று மருந்துக்கடையில் கேட்டேன். லண்டனிலிருந்து நேரே போனால் தேவையில்லை, மலேரியாக் குளிசை எடுங்கள் என்றார்கள். அவளுடைய இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும். ஜீப்காரனிடம் கேட்டேன். தங்குமிடத்தில் சமையலறையில் பிரிட்ஜ் இருக்கிறது, தானே கொண்டுபோய் வைப்பதாகச் சொன்னான். ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்புறத்தில் எல்லாம் எழுதி வைத்தேன். பார்க் காசு என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

தேநீர் இடைவேளையில் உருளைக்கிழங்கு மூட்டைமேல் இருந்துகொண்டு பார்க் காசு கட்டும் ஃபோர்மைப் போனில் திறந்தேன். பெயர் கேட்டது. நம்பர் கேட்டது. பிறகு மூன்று கட்டம் வந்தது. சிட்டிசன், ரெசிடென்ட், நொன்-ரெசிடென்ட். ஒன்றைத் தொட வேண்டும்.

யோசிக்கவே இல்லை.

நான் சிட்டிசன் இல்லை. அதற்கான சோதனையை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கோட்டை விட்டேன். மனைவி எழுதவேயில்லை. ஆனால் ரெசிடென்ட் என்ற சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். பதினொரு வருடம் அகதி வழக்குக்காகக் கையெழுத்து வைத்து, கோர்ட் ஏறி இறங்கி, கடைசியில் கையில் தந்த கார்டில் அந்தச் சொல்தான் இருந்தது. கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தால் மேலே ரெசிடென்ட் என்றுதான் இருக்கும். எங்கள் தெருவில் கார் விடும் இடத்தில் பலகையில் இருப்பதும் அதுதான். எனக்கு எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த பெரிய இங்கிலிஷ் சொல் அது. நடுக் கட்டத்தைத் தொட்டேன்.

விலை வந்தது. ஷில்லிங்கில் இருந்தது. பவுணுக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு லூயிஷாமில் ஒரு கொத்துரொட்டி விலைகூட இல்லை. மலிவாக இருக்கிறதே என்று ஒரு கணம் பட்டது. ஏழை நாடு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மலிவில்தான் எல்லாம் பிழையாகப் போனது. இரண்டு நாள் என்று நினைத்திருந்ததை நாலு நாள் ஆக்கினேன். மற்றவர்களோடு சேர்ந்து போகும் ஜீப்பை விட்டுத் தனி ஜீப் எடுத்தேன். தனி ஜீப் என்றால் அவள் வேண்டிய மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். சேர்த்து வைத்திருந்தது அவ்வளவும் அதற்குப் போனது. அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன்.

"நாலு நாளோ?" என்றாள்.

"ஓம்."

"உங்களுக்கு விசர்" என்று சொல்லிவிட்டுப் போய் உடுப்பு எடுத்து வைத்தாள். போக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

போவதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஜீப்காரன் பார்க் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். உடனே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். நான் பஸ் தரிப்பில் நின்றேன். அவன் எல்லா வயதானவர்களையும் பப்பா என்பான்.

"பப்பா, யூ ஆர் ரெசிடென்ட்?"

"யெஸ்."

"ரெசிடென்ட் வேர்?"

"லண்டன்."

லண்டனா என்று திருப்பிக் கேட்டான். பிறகு சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. ரெசிடென்ட் என்றால் கென்யாவில் இருப்பவர், வாசலில் கார்ட் கேட்பார்கள் என்றான்.

"கார்ட், ஐ ஹாவ்" என்றேன்.

"கென்யா கார்ட், பப்பா. கென்யா."

பஸ் வந்தது. ஏறவில்லை.

கட்டிய காசு திரும்பாது. நொன்-ரெசிடென்ட் விலை டொலரில். இரண்டு பேருக்கு நாலு நாள் என்று கூட்டினால் ஒரு பிளேன் டிக்கெட் அளவுக்கு வந்தது. என்னிடம் இல்லை. டிக்கெட் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"என்னட்ட ஒருக்காக் காட்டியிருக்கலாமே அண்ணை."

"ஓம்."

"மூண்டு நாளை வெட்டுங்கோ. ஒரு நாள் போய்ப் பாத்திட்டு வாங்கோ."

இருந்த காசு இரண்டு பேருக்கு ஒரு நாளைக்குக்கூடப் போதாது. ஒரு ஆளுக்குப் போதும். அதை வீட்டில் போய்ச் சொன்னேன்.

"நீர் உள்ள போம். நான் வாசலில இருக்கிறன்."

"எனக்கு எந்தப் பக்கம் நிக்குதெண்டு ஆர் சொல்லுறது?"

"ஜீப்காரன் சொல்லுவான்."

"அவன் இங்கிலிஷில சொல்லுவான். நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு இருப்பன்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பிறகு அவளே சொன்னாள்.

"இப்பவே போறதுக்கு பிள்ளையெண்டு ஒண்டு இருந்து அழுது கேக்குதோ? நாலு மாதம் பொறுப்பம். நீங்கள் ஓவர்டைம் செய்யுங்கோ. ரெண்டு பேருமாப் போவம்."

எனக்கு அது சரி என்று பட்டது. டொக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

கடைக்காரர் பிளேன் திகதியை மாற்றித் தந்தார். ஜீப்காரனும் ஓம் என்றான். நான் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனேன். அவள் தனியாகப் பூசைக்குப் போனாள். பாதையைக் கடக்கும்போது ஒரு பெண்பிள்ளை கையைப் பிடித்து விட்டதாக ஒரு நாள் சொன்னாள். அதைக் கேட்டும் நான் அடுத்த ஞாயிறு வேலைக்குப் போனேன்.

காசு சேர்ந்தது. இந்த முறை டிக்கெட் கடையில் வைத்து, அவருக்கு முன்னால் ஃபோர்மைத் திறந்தேன். இரண்டு பேர், இரண்டு நாள். மூன்று கட்டமும் வந்தது. கை கொஞ்சம் நின்றது. நொன்-ரெசிடென்ட், இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் நாங்கள் பயந்த சொல்.

"அதுதான் அண்ணை, கடைசி. அமத்துங்கோ."

அமத்தினேன். சரியான சீட்டு வந்தது. சரியான விலை. வேலையிலும் லீவு சொல்லி வைத்தேன்.

போவதற்கு மூன்று கிழமை இருந்தது. காலை. நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் குசினி யன்னலடியில் நின்றாள்.

"வெளியில பனிப்புகாரோ?"

யன்னலுக்கு வெளியே மூட்டம் ஒன்றும் இல்லை, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்திலும் விழுந்தது.

"ஓம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. பிறகு சப்பாத்தின் மற்றக் காலைக் கட்டாமல் எழும்பிப் போய் அவள் கையைப் பிடித்தேன். பிடித்த பிடியில் அவளுக்கு விளங்கிவிட்டது.

கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. விழித்திரையும் கழன்றிருந்தது. ஒப்பரேசன் செய்தார்கள். கண்ணுக்குள் வாயு வைத்திருப்பதாகவும் அது கரையும் வரை பிளேன் ஏறக்கூடாது என்றும் சொல்லிக் கையில் ஒரு பட்டி கட்டி விட்டார்கள். முகம் கவிழப் படுக்கச் சொன்னார்கள். பார்வை திரும்புமா என்று கேட்டேன். வெளிச்சம் தெரியும் என்றார்கள். வெளிச்சம் மட்டுமா என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் அதைக் கேட்கவில்லை போல, அல்லது டொக்டர் பதில் சொல்லவில்லை.

பிளேன் காசு போனது. திகதி ஒரு முறைதான் மாற்றலாமாம். ஜீப்காரன் பாதியைத் திருப்பி அனுப்பினான். அவன் அனுப்பத் தேவையில்லை, அனுப்பினான். பார்க் சீட்டு அந்தந்த நாளுக்கு மட்டும்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றாள். தலையணைக்குள்ளிருந்து வந்த குரல்.

"எங்க?"

"கட்டின காசுதானே. பாத்துப்போட்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ."

"பிளேன் காசும் போச்சுது. எனக்குச் சொல்லவும் தெரியாது."

"அதெண்டா உண்மை" என்றாள்.

சீட்டில் இருந்த முதல் நாள் வந்தது. லீவைத் திருப்பி எடுக்கவில்லை, வீட்டில்தான் இருந்தேன். அவள் கவிழ்ந்து படுத்திருந்தாள். நெற்றிக்குக் கீழே வளையமாக ஒரு தலையணை. நான் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். ரீவியைப் போடவில்லை. சீட்டில் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை என்று இருந்தது. அந்த நாட்டுக்கும் இந்த நாட்டுக்கும் மூன்று மணித்தியாலம் வித்தியாசம். அவளுக்கும் அது தெரியும்.

பின்நேரம் கேட்டாள்.

"இப்ப எத்தினை மணி?"

"மூண்டு."

"அங்க ஆறு."

"ஓம்."

"வாசலைப் பூட்டியிருப்பாங்கள்."

"ஓம். பூட்டியிருப்பாங்கள்."

தலையணையில் நெற்றியைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"நாளைக்கும் ஒரு நாள் கிடக்கு, என்ன?"

"கிடக்கு."

மருந்து விடும் நேரம். எழுப்பி இருத்தி, தலையை நிமிர்த்திப் பிடித்தேன். கண் திறந்திருந்தது. என்னை நேரே பார்ப்பது போல இருந்தது, ஆனால் கொஞ்சம் இடப்பக்கமாகப் பார்த்தது. நான் அந்தப் பக்கமாக நகர்ந்து நின்று ஒரு சொட்டு விட்டேன். கன்னத்தால் வழிந்தது. இன்னொரு சொட்டு விட்டேன்.