மருதப்பன் தலைவராகாத கதை

ஜாலான் புசார் சாலையில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த மருதப்பனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை: தேக்கா நண்பர் சங்கத்தின் தலைவராகிவிட வேண்டும். ஆசைக்கு நியாயமும் இருந்தது. பதினொரு வருடமாகச் செயலாளர். பொங்கல் விழாவுக்குப் போலீஸ் அனுமதி வாங்குவது, ஒலிபெருக்கிக்கு ஆள் பிடிப்பது, கழிவறைக் குழாயைச் சரிசெய்வது எல்லாம் அவர்தான்.

எதிர்த்து நின்றவர் தையற்கடை வேலாயுதம். எந்த வேலையையும் தொட்டுக் கெடுத்தவரல்லர். பொதுக்குழுவில் எழுந்து தீர்மானம் கொண்டுவருவார். கூரை ஒழுகியபோது அந்த ஒழுகலைக் கண்டித்து அருமையானதொரு தீர்மானம் நிறைவேற்றினார். மறுநாள் மருதப்பன் ஏணி வைத்து ஏறித் தகரம் அடித்தார். தீர்மானத்துக்கு இவ்வளவு வலிமையா என்று உறுப்பினர்கள் வியந்தார்கள்.

1959ஆம் வருடம், தீவே தேர்தல் பேசியது. சங்கமும் இரண்டுபட்டது. "வேலை செஞ்சவருக்குத்தான் பதவி" என்றது ஒரு கட்சி. "வேலை தெரிஞ்சவர வேலையிலயே வச்சிருக்கணும்லா. தலைவராக்கி வீணாக்குறதா?" என்றது மற்றது.

ஞாயிறு மூன்று மணிக்குக் கூட்டம். எழுபது பேர் வந்துவிட்டார்கள்; நாற்காலியோ ஐம்பது. தமக்கு ஓட்டுப் போட வந்தவர்கள் கால்கடுக்க நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நாற்காலி கேட்டு மருதப்பன் பக்கத்துக் கோப்பிக்கடைக்கு ஓடினார்.

கைக்கு இரண்டு நாற்காலியோடு அவர் திரும்பியபோது வேலாயுதத்தின் கழுத்தில் மாலை விழுந்துகொண்டிருந்தது.

"எங்க போயிட்டீங்க மருதப்பன்?" என்றார் தேர்தலை நடத்திய சேதுபதி. "மூணு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டாச்சு. வேட்பாளர் நேர்ல எழுந்து சம்மதம் சொல்லணும். இல்லன்னா போட்டியில இல்லன்னு விதி."

"நாற்காலி பத்தலண்ணே."

"விதியில நாற்காலியப் பத்தி ஒண்ணும் இல்லயே."

அந்த விதியைக் கொண்டுவந்தவர் வேலாயுதம். விதிப்புத்தகத்தில் அதை மணிமணியான எழுத்தில் எழுதி வைத்தவர் மருதப்பன்.

புதிய தலைவர் மேடையில் அமர்ந்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் மெல்லக் குனிந்து, "மருதப்பா, அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"நீங்கதானே தலைவர். சொல்லுங்க" என்ற மருதப்பன், தாம் சுமந்து வந்த நாற்காலி ஒன்றில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வேலாயுதம் அசரவில்லை. அடுத்து என்ன செய்வதென்று ஆராய ஒரு குழு அமைக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். குழுவின் செயலாளர் பதவிக்கு மருதப்பனின் பெயர் வாசிக்கப்பட்டது. இம்முறை அவர் அவையில் இருந்தார். பெயரைக் கேட்டதும், பதினொரு வருடப் பழக்கம், எழுந்து நின்றுவிட்டார். சம்மதம் என்று சேதுபதி குறித்துக்கொண்டார்.