ஜன்னலோரம் தேய்ந்த தரை

எங்கள் அடுக்களையைப் புதுப்பிக்க மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் வந்தார். காதில் பென்சில் செருகிய ஒல்லியான மனிதர். அடுப்பு எங்கே, அலமாரி எங்கே என்று நான் வரைந்து வைத்திருந்த தாளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. டேப்பை எடுக்கும் முன் வெறுங்காலால் தரையைத் தடவித் தடவி நடந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அதுதானாம்.

சிவப்புச் சிமென்ட் தரை அடுப்பின் முன்னால் தேய்ந்திருந்தது, சிங்க்கின் முன்னாலும். ஜன்னலோரத்திலும் ஓரிடம் தேய்ந்திருந்தது. பிரிட்ஜ் வைக்க நான் குறித்திருந்த இடம் அது.

“சார், அக்கா இங்க நின்னு என்ன செய்வாவ?”

இருபது வருடம் இந்த வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்ற மனைவிதான் பதில் சொன்னாள்.

“ஒண்ணும் செய்யமாட்டேன். வேலை தீந்தா சும்மா நிப்பேன்.”

“அப்போ இங்க ஒண்ணும் வைக்கண்டாம்.” அப்போதுதான் என் தாளை வாங்கி, அந்த இடத்தில் வட்டமிட்டார்.

பிரிட்ஜ் இப்போது ஹாலில் இருக்கிறது. அவள் ஜன்னலோரம் நிற்கிறாள். அவள் வெளியே போயிருந்த ஒருநாள் நானும் அங்கே போய் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டு மதில்தான் தெரிந்தது.